சிவப்பு மை இல்லாத அட்டை

காஜா பெராங், மலாக்கா
ஆவணி, 1943

அன்புள்ள தம்பி மருதமுத்துவுக்கு,

சாமிநாதன் எழுதுவது. நான் நலம். உன் வீட்டுக்காரி மல்லிகாவும் நலம். உன் வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்துக்குப் புது அத்தாப்பு ஓலை போட்டாயிற்று. உன் நலத்தை அறியத்தான் இந்தக் கடிதம்.

இதைக் கொண்டு வருபவர் டிரெஸர் ஏகாம்பரம். நீங்களெல்லாம் ஜப்பானியருக்கு ரயில் பாதை போடும் முகாம்களில் காய்ச்சலாம், மருந்து கட்ட ஆள் வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து அவரையும் சயாமுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எந்த முகாம் என்று அவருக்கே தெரியாது. விசாரித்து உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் ‘கீதக்கொடி’ நடக்கிறது. பாட்டுப் பத்திரிகைதானே என்று ஜப்பானியர் அலுவலகத்தில் முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் மாறிவிட்டார்கள். முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகளும் கிராமபோன் வைத்திருந்த வீட்டு இளைஞர்களும் வாங்கினார்கள். அவர்களுக்காகத்தான் நீ கோட்டுப் போட்ட பாடகரையும் கிராமபோன் குழாயையும் வரைந்தாய். அந்த ஆண்களில் பாதிப் பேர் இப்போது உன்னோடு அங்கே. கிராமபோன்கள் அரிசிக்குப் போய்விட்டன. மிஞ்சியிருப்பவர்கள் பெண்கள். பலருக்கு எழுத்துத் தெரியாது. ஒருத்தி வாங்கி வந்தால், படிக்கத் தெரிந்தவளைச் சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் பாட்டைக் கற்றுக்கொள்கிறார்கள். தலைப்பு அவர்களைக் கூப்பிடாது. படம்தான் கூப்பிட வேண்டும்.

நீ போவதற்கு முன்பே இதைப் பேசினோம். சரஸ்வதி படம் போடலாம் என்றேன். “போடுங்கண்ணே, நேரா சாமி அறையில மாட்டிடுவாங்க. உள்ள இருக்கிற பாட்ட எவ படிப்பா?” என்று சிரித்தாய். வாங்குகிறவள் தன்னைப் போல ஒருத்தியை அட்டையில் பார்க்க வேண்டும், அவள் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்றாய். துணி காயப்போட்டுக்கொண்டே, முகத்தை நிமிர்த்திப் பாடும் பெண்ணை இரண்டு மரக்கட்டைகளில் செதுக்கி வைத்துவிட்டுப் போனாய். உருவம் கறுப்புக் கட்டையில், பொட்டும் பூவும் சேலைக் கரையும் சிவப்புக் கட்டையில். முகம் மல்லிகாவின் முகம் என்று நீ சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை. அந்த அட்டையோடு வந்த முதல் இதழ்களைப் பலகாரக்காரி மீனாச்சி தன் தட்டிலேயே வைத்து விற்றுத் தீர்த்தாள்.

பிறகு சயாமுக்குப் போன கருணாகரன் திரும்பி வந்தான். காலெல்லாம் புண். உதவாது என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து முகாமில் கரித்துண்டால் கூடாரத் துணியில் படம் போடும் மலாக்காக்காரர் ஒருவர் இருந்தாராம், வாந்திபேதியில் போய்விட்டாராம். பெயர் கேட்டேன். தெரியாது. கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை, சொல்லக் கேட்டதுதான் என்றான். காதில் விழுந்ததை வைத்து நான் எந்தக் காலத்திலும் செய்தி போட்டதில்லை. மல்லிகாவிடம் வாய் திறக்கவில்லை.

நான் திறக்காவிட்டால் என்ன, ஊருக்கு வாய் இருக்கிறதே. புக்கிட் ரம்பாயிலிருந்து அவளுடைய சின்னம்மா சிவகாமசுந்தரி வந்து உட்கார்ந்துகொண்டு, “ஊரே பேசுது, குங்குமத்தை அழிச்சிடுடி” என்று அழுதிருக்கிறார். “ஊருக்கு வேலையில்ல சின்னம்மா. எனக்குக் கெழங்கு தோண்டப் போகணும்” என்று மண்வெட்டியோடு எழுந்து போய்விட்டாளாம் இவள்.

அந்த வாரம் பார்த்துத்தான் சிவப்பு மை தீர்ந்தது. மலாக்காவில் எங்குமே இல்லை. முத்திரை வாங்கிய இதழை நிறுத்தி வைக்க முடியாது. கறுப்புக் கட்டையை மட்டும் வைத்து அடித்தேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மீனாச்சி அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். செட்டிக் கம்பத்துப் பெண்ணுக்கு மலாய்தான், தமிழ் வராது என்பது உனக்குத் தெரியும். “டாஹி கோசோங், துவான்! சியாப்பா மாவ் பெலி?” என்று தன் நெற்றியில் தட்டிக் காட்டினாள். நெற்றி காலி, இதை எவள் வாங்குவாள் என்கிறாள். புருஷன் சயாமில் இருக்கும்போது எந்தப் பெண் பொட்டில்லாத முகத்தை வீட்டுக்குள் கொண்டுபோவாள்? அதைவிட மோசம், ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பத்திரிகைக்காரருக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மல்லிகாவை இப்படிப் போட்டிருக்கிறார் என்று பேசினார்கள்.

மல்லிகா ஓர் இதழோடு அச்சகத்துக்கு வந்தாள். “அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?” என்றாள். தெரியாதம்மா, மை தீர்ந்துவிட்டது என்றேன். காலி டப்பாவைக் காட்டினேன். விரலை உள்ளே விட்டுச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். எண்ணெயில் குழைத்து, நீ செதுக்கிய சிவப்புக் கட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த இடம் என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அட்டையிலும் மோதிர விரலால் பொட்டு வைத்தாள். மீனாச்சி தாளை எடுத்துக் கொடுத்தாள். இதழ் முழுவதும் விற்றுப்போனது. இப்போது தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் முதலில் நெற்றியைத்தான் பார்க்கிறார்கள். அவளும் அதை அறிந்தே நிமிர்ந்து நடக்கிறாள்.

அச்சகத்தில் நான் ஒருவன்தான். புரூஃபை உரக்கப் படிக்கிறேன், திருத்தம் சொல்ல ஆளில்லை. சண்டை தொடங்கியதிலிருந்து காரைக்குடியிலிருந்து ஒரு வரி வரவில்லை. இங்கே மலாக்காவில் குண்டு விழுந்ததென்று அங்கே என் மனைவி மெய்யம்மையிடமும் யாராவது போய் உட்கார்ந்து சொல்லியிருப்பார்களோ என்று நினைத்துக்கொள்வேன். அதையும் விசாரிக்க வழியில்லை.

தம்பி, ஒரே மையில் என்ன அட்டை போடலாம் என்று எழுது. எழுதத் தெம்பில்லை என்றால் ஒரு கோடு மட்டும் இழுத்து அனுப்பு. உன் கோடு எனக்குத் தெரியும்.

இதைப் பிரிப்பவர் மருதமுத்து இல்லையென்றால், ஐயா, தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவன் வேறு முகாமில் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள். வேறு விதமாக இருந்தால், கண்ணால் பார்த்தவர் ஒருவருடைய பெயரோடு எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம். பதிலை என் பெயருக்கே அனுப்புங்கள். அவன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். தாங்கள் யாராக இருந்தாலும், தங்கள் வீட்டார் தங்களைக் கண்ணாரக் காண ஆண்டவன் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
சாமிநாதன்