வெள்ளிக்கிழமைச் சோதனையும் மேவிஸின் இங்கிலீஷும்

மார்ச் 4, செவ்வாய்
மழை. வேலை லோண்டரியில் துவைக்க ஆஸ்பத்திரி பெட்ஷீட் மலைபோல். வெள்ளி இங்கிலீஷ் பேச்சுச் சோதனை. இரண்டாம் தரம். முதல் தரம் வாயே திறக்கவில்லை, பெயில். பாஸானால்தான் இந்த நாட்டுச் சிற்றிசன்ஷிப், பிறகு பாஸ்போர்ட், பிறகுதான் ஊர், மன்னார். அக்கா அங்கே படுக்கையில். என் அகதிப் பத்திரம் அங்கே செல்லாது.

பேத்தி அனுஷா: "அம்மம்மா, நீங்கள் கதைக்கிறது மேவிஸ் அன்ரியின்ர ஸ்ட்ரீட் இங்கிலீஷ். அப்பிடிக் கதைச்சா பெயிலாக்கிப் போடுவினம்."

மேவிஸ் என்னோடு ஷீட் மடிக்கிற ஜமேய்க்காக்காரி. பதினெட்டு வருடம். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் சுப்பவைசரையே மடக்கியது அவளிடம் கற்ற இங்கிலீஷால். இப்போது அதுவே பயம்.

மார்ச் 5, புதன்
மேவிஸிடம் சொன்னேன். சிரித்தாள். அவள் அப்பா ஆளுயர ஸ்பீக்கர்ப் பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றி, மண்டபம் மண்டபமாகப் போய் ரெகே பாட்டுப் போட்டவராம். அதற்குப் பெயர் சவுண்ட் சிஸ்டம். மைக்கில் ஆட்களின் பெயர் சொல்லிப் புகழ்வது 'பிக் அப்'. பாட்டுப் பிடித்தால் சனம் சுவரில் அடிக்கும், இசைத்தட்டைத் திருப்பி முதலிலிருந்து போடுவார்கள். அது 'வீல் அண்ட் கம் அகெய்ன்'. மெசின் இரைச்சலில் காது கேட்காவிட்டால் நாங்களும் அதைத்தான் கத்துவோம்.

"உன் பேத்தி பஸ்ஸில் பேசுவதில் பாதி என் அப்பாவின் மைக்கிலிருந்து வந்தது, டார்லின்" என்றாள்.

அனுஷாவிடம் சொன்னேன். "உண்மையாவோ? எண்டாலும் சோதனையில வேண்டாம், ப்ளீஸ்."

மார்ச் 6, வியாழன்
சாப்பாடு இறங்கவில்லை. கொண்டுபோக: அடையாளக் கார்ட், கண்ணாடி, செபமாலை, தண்ணீர்ப் போத்தல். சோதனையில் சொல்ல அனுஷா எழுதித் தந்தது கிறிஸ்மஸ் பற்றி எட்டு வரி. நாலு நினைவில் இல்லை. மகள்: "கோயில் சனத்தையே ஆட்டி வைக்கிற ஆள், இதுக்கு நடுங்குறியளே அம்மா!"

மார்ச் 7, வெள்ளி
சோதனை அறை. மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்கிற சேர். இரண்டாம் கேள்வி விளங்கவில்லை. போன தரம் போலவே நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்காவின் முகம் கண்ணில் வந்தது. வாய் தானாகச் சொன்னது: "வீல் அண்ட் கம் அகெய்ன், சேர்."

பேனையை வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். லோண்டரி, மேவிஸ், அவள் அப்பா, பெட்டி, சுவரில் அடிக்கிற சனம், எல்லாம் சொன்னேன். அவர்தான் நேரம் பார்த்து நிறுத்தினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்
பாஸ். அனுஷா துள்ளினாள்: "பிக் அப், அம்மம்மா!"

மன்னாருக்குப் போன் எடுத்தேன். அக்காவின் மகன் பேசினான். "அம்மா நித்திரை, சின்னம்மா. இப்ப கஞ்சியும் குடிக்கிறா இல்லை. எப்ப வாறியள்?"

"கெதியா வாறன், இந்தா வந்திடுவன்" என்றேன்.

பாஸ்போர்ட் வர எத்தனை மாதம் என்று அனுஷாவுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.