வாப்பா காட்டிய குழாய்

கிண்ணியா
20.02.1977

அன்பு மகள் ஸல்ஹாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே சுகம். நீங்களும் மருமகனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். ஏழாம் மாதம் தொடங்கியதும் உங்களைக் கூட்டிவர வருவதாக எழுதியிருந்தேன், அதற்குள் இங்கே நடந்ததை நீங்கள் அறியவேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நம் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகி, அழுகிய தோல் நாற்றம் அடித்தது. பக்கத்து வீட்டு ரபீக்காவின் சின்ன மகள் வயிற்றோட்டத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாப்பா காவல் வேலை செய்த தோல் கம்பனியின் கழிவுதான் என்று ஊருக்கே தெரியும், கம்பனிக்காரர் மட்டும் எல்லாம் தொட்டிக்குள்தான் போகிறது என்று சாதித்தார்கள். நானும் ரபீக்காவும் வீடு வீடாகப் போய்க் கையொப்பமும் கைநாட்டும் வாங்கி, ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, படகுப்பாதையில் ஏறி அக்கரையில் உள்ள அரசாங்கக் கச்சேரிக்குப் போனோம். அங்கிருந்த ஐயா முகர்ந்து பார்த்துவிட்டு, "தண்ணி பழுதுதான், ஆனா கம்பனியில இருந்து வருகுதெண்டு ஆர் கண்டது" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது வாப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. பிறகு, "நான் கண்டனான். வேலிக்குப் பின்னால மண்ணுக்குள்ள குழாய் ஒண்டு தாட்டிருக்கு. சொன்னா வேலை போயிடும், மகள்ட பேறுகாலமும் வருகுதெண்டு பேசாம இருந்துட்டன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை மகள். மூன்றாம் நாள் காலை அவரே சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, ரபீக்காவையும் கூப்பிடு, கச்சேரிக்குப் போவம்" என்றார். அதிகாரிகள் வந்த அன்று, முதலாளி பார்த்துக்கொண்டு நிற்க, வாப்பாதான் மண்வெட்டியால் அந்த இடத்தைக் கொத்திக் காட்டினார்.

இப்போது குழாயை அடைத்துவிட்டார்கள், ஒழுங்கான தொட்டி கட்டும்வரை கம்பனியும் பூட்டு. தினமும் பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது, கிணறு தெளிய அடுத்த மாரி வரவேண்டுமாம். அதனால் நீங்கள் இங்கே வரவேண்டாம், நானே புத்தளத்துக்கு வந்து உங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை பாரம் தூக்காதீர்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகு குடியுங்கள். வாப்பா றஊப் மாமாவின் தோணியில் வலை இழுக்கப் போகிறார், பழக்கமில்லாத கை, எல்லாம் கொப்புளம். கம்பனியில் அவரோடு வேலை செய்த சிலர் பள்ளிவாசலில் கண்டாலும் முகத்தைத் திருப்புகிறார்கள், அதுதான் அவருக்கு வேதனை. வேலை போனதை மகளுக்கு எழுதாதே என்றார், நான் எழுதிவிட்டேன். பதில் போடும்போது அவர் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் வையுங்கள். நீங்கள் செய்தது சரி வாப்பா என்று ஒரு வரி போதும், மறக்கவேண்டாம்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக.

என்றும் உங்கள் நினைவோடு,
உம்மா
உம்மு குல்சும்