ஏழு விரல்கள்

பிப்ரவரி 4, புதன்
சங்கத்தின் செயலாளர் அம்மா போன் செய்தார். "சார், ஆண்டு மலருக்கு கிக்பாக்ஸிங் பிறந்து வளர்ந்த கதைய நீங்கதான் எழுதணும். அந்தக் காலத்து ஆளு நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."
மிச்சமாம்! துணிக்கடையில் விலைபோகாத துண்டு மாதிரி. சரி என்றேன்.

பிப்ரவரி 7, சனி
ஒரு பக்கம் எழுதினேன். ஜப்பானில் கராத்தேக்காரர்களைத் தாய்லாந்து வீரர்களோடு மோதவிட்டதில் பிறந்த விளையாட்டு. அமெரிக்காவுக்குப் போய் முழுக்கால்சட்டை மாட்டிக்கொண்டது. அங்கே இடுப்புக்கு மேல்தான் உதைக்கலாம். பலர் உதைக்கச் சோம்பி வெறும் குத்துச்சண்டை போட்டார்கள். அதனால் ஒரு சுற்றுக்கு எட்டு உதை கட்டாயம், குறைந்தால் புள்ளி போகும் என்று விதி வந்தது. எண்ணுவதற்கு மேடையோரம் ஓர் ஆள். எத்தனை ஆயிற்று என்று விரலில் காட்டுவான்.
இங்கே ஒரே ஒரு நாள் அந்த ஆளாக இருந்தவன் நான். அதற்குமேல் பேனா நகரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்
கட்டுரைக்குப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி செயலாளர் அம்மா ஒரு பழைய வீடியோ அனுப்பியிருக்கிறார். மச்சானின் கடைசிப் போட்டி.
இருபத்தாறு வருஷம் கழித்துப் பார்த்தேன். அன்று எண்ண வேண்டியவர் வராததால் என்னை உட்காரவைத்தார்கள். கடைசிச் சுற்று. மச்சானின் ஐந்தாவது உதை எதிராளியின் முழங்கையில் உரசிப் போகிறது. விதிப்படி, படவேண்டும் என்று ஓங்கிய உதை எல்லாம் கணக்குத்தான். நான் சேர்க்கவில்லை. அக்கா வீட்டுக்காரருக்குச் சாதகம் பண்ணினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே—
எட்டும் உதைத்து முடித்தவர் என் பக்கம் திரும்புகிறார். ஏழு விரல் காட்டுகிறேன். தள்ளாடிக்கொண்டே இன்னொரு தரம் காலைத் தூக்குகிறார். முகத்தைக் காத்துக்கொண்டிருந்த அவர் கை இறங்கிவிட்டது. தாடையில் ஒரே குத்து.
இன்றுவரை அவருக்குப் பேச்சு வரவில்லை. ஏன்டா அப்படிப் பண்ணுன? யாரு கேட்டா உன் நேர்மைய?

பிப்ரவரி 15, ஞாயிறு
அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சானுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே வழக்கம்போலத் திட்டினாள். "ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க? கடைசி நேரத்துல எதுக்கு வீம்புக்குக் காலத் தூக்குனீங்க? உங்க திமிருதான் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிச்சு."
அவர் சிரித்தார். எதற்கும் சிரிப்பார். அவரால் பதில் சொல்ல முடியாது, என்னால் முடியும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18
தூக்கமில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு
சொல்லிவிட்டேன். வீடியோவையும் காட்டினேன்.
அக்கா மூன்று முறை பார்த்தாள், விரல் மடக்கி எண்ணியபடி. மூன்று முறையும் எட்டு. அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன்.
"இத்தன வருஷமா அவரத் திட்ட வச்சுட்டியேடா" என்றாள். பிறகு, "நீ கிளம்பு."

பிப்ரவரி 26, வியாழன்
கட்டுரையை முடித்தேன். இன்று உலகமெங்கும் ஆடுகிறார்கள். தொடையிலும் உதைக்கலாம், சில இடங்களில் முழங்காலாலும் இடிக்கலாம். எட்டு உதைக் கட்டாயத்தைப் பெரும்பாலும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. கடைசிப் பத்தியில் என் தப்பையும் எழுதினேன்.
"மலர்ல இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார் செயலாளர் அம்மா. அது இல்லாவிட்டால் கட்டுரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு
மனசு கேட்கவில்லை, போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அக்கா மச்சானின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.
"நீங்க சரியாத்தாங்க உதைச்சீங்க. எட்டும் சரி. நான்தான் பாவி, தெரியாம பேசிட்டேன். கேக்குதா? ஒரு தடவ தலையாட்டுங்களேன்."
அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.
செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்துவிட்டேன்.