வலை கனத்த நாள்

பாரிவாக்கம்,
3-12-1970

என் வீட்டுக்காரருக்கு,

நாக்பூரிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. காரியம் முடிந்ததும் ரயிலேறச் சொல்லியிருக்கிறீர்கள். காரியம் நேற்று முடிந்தது. இங்கே மழை விட்டுவிட்டது.

தந்தியில் சொல்லாததை எழுதுகிறேன். அன்று அப்பாவோடு ஏரிக்குப் போனது நான்தான். கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருஷம் நாங்கள் இருவரும்தான் வலை இழுத்தோம். தீபாவளிக்கு வந்த என்னை மறுபடி அழைத்துப்போனார்.

"கரையில கயித்தப் புட்ச்சிகினு நில்லும்மா, நான் சுத்திகினு வர்றேன்" என்று சொல்லி இறங்கினார்.

மண் வெட்டிய பள்ளத்தை மழைத் தண்ணீர் மூடியிருந்தது. கோரைக்குப் பின்னால் நிற்கிறார் என்று நினைத்தேன். வலை கனத்தது. நல்ல மீன் பட்டிருக்கிறதென்று சந்தோஷமாக இழுத்தேன். வலையில் அப்பா வந்தார்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

இன்று காலை அம்மா வலையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். கூடை சுமந்து மீன் விற்றிருக்கிறாளே தவிர, அவள் ஏரியில் கால் வைத்ததில்லை.

"எய்ந்திரு. எனக்கு வேற தொயில் தெரியாது. நீ கரையில நில்லு, நான் எறங்கறேன்."

"நீ வாணாம்மா" என்று நானே இறங்கினேன்.

அம்மா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் கரையேறும் வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் "கீறேம்மா" என்றேன்.

நாளைக்கும் போக வேண்டும். இப்போதைக்கு நான் ரயிலேறவில்லை.

உங்கள் மனைவி