நாலு மணிக் கூழ்

மோர்டன், லண்டன்
1 டிசம்பர் 2024

இஞ்சாருங்கோ,

சுகமாக இருக்கிறீர்களா? போனில் கதைத்தால் இரண்டு பேரும் கத்திவிட்டுத்தான் வைக்கிறோம். கடிதத்தில் கத்த ஏலாது, அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு வருகிற ராஜியிடம் இதையும் ஒரு போத்தல் மல்லித்தண்ணியும் கொடுத்துவிடுகிறேன். சுடவைத்துக் குடியுங்கோ. பச்சைத்தண்ணி மாதிரிக் குடித்துவிட்டு, சளி பிடித்தது என்று என்னைத் திட்ட வேண்டாம்.

இங்கே குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. உங்கள் அறையில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா? கட்டிலில் உங்கள் பக்கம் ஐஸ் மாதிரிக் கிடக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நித்திரையே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தங்கச்சி கமலேஸ்வரி ஒடியல் மா அனுப்பியிருக்கிறா. பையைப் பிரித்ததும் குசினி முழுக்கப் பனங்கிழங்கு வாசம். குளிர் தொடங்கினால் நீங்கள்தானே கூழ் காய்ச்சுவீர்கள், எனக்குச் சட்டி கழுவத்தான் தெரியும். 15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. துஷ்யாவும் பிரவினும் வருகிறார்கள். மகள் அவனைக் கலியாணம் செய்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மனிசன், கூழுக்காகவாவது வீட்டுக்கு வாங்கோ. "அப்பா வருவாரோ அம்மா?" என்று அவள் கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதேங்கோ.

உங்கள்
வதனா


வெஸ்ட் ஈலிங்
7 டிசம்பர் 2024

வதனாவுக்கு,

மல்லித்தண்ணி கிடைத்தது. வேர்க்கொம்புச் சுக்கு கூடிவிட்டது, தொண்டை எரிந்தது. போத்தலில் ஒன்றும் மிச்சமில்லை. ஹீட்டர் வேலை செய்கிறது, சும்மா பயப்படாதே. நித்திரை எனக்கும் இல்லைத்தான். அதை ராஜிக்குச் சொல்லாதே, கோயில் முழுக்கச் சொல்லிப்போடுவா.

கூழைப் பற்றி எழுதி என் ஆசையைக் கிளப்பிவிட்டாய். உன் கடிதம் வர முதலே, போன கிழமை கடையில் சின்னப் பை மா வாங்கி, ஒரு நண்டும் கொஞ்சம் றாலும் போட்டு எனக்கு மட்டும் காய்ச்சிப் பார்த்தேன். பசை மாதிரி வந்தது. ஒராளுக்குக் கூழ் காய்ச்சேலாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சுற்றிவர ஆட்கள் இருந்து நண்டுக்காலுக்கு அடிபடாமல் என்ன கூழ்? அள்ளிக் கொட்டிவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.

வருகிறேன். ஆனால் ஒன்று. அவனோடு ஒரு பானையைச் சுற்றி இருந்து குடிக்க என்னால் ஏலாது. அவன் எங்கடை ஆக்களில்லை, அது உனக்கும் தெரியும். சட்டனில் இருக்கிற அண்ணை கேள்விப்பட்டால் எந்த முகத்தோடு அவரிடம் போவேன்? அவர்கள் மத்தியானம் வந்து குடித்துவிட்டுப் போகட்டும். நான் நாலு மணிக்கு வருகிறேன். ஒருவருக்கும் மனநோவு இல்லை.

மாவை நேரத்தோடு ஊறவிடு. மேலே தெளிகிற தண்ணீரை ஊற்றிவிடு, இல்லாவிட்டால் கைக்கும், வாயில் வைக்கேலாது. மரவள்ளியும் பயத்தங்காயும் நன்றாக அவிந்த பிறகுதான் மாவைக் கரைத்து விட வேண்டும். அவசரப்படாதே.

தில்லையம்பலம்


மோர்டன்
16 டிசம்பர் 2024

இஞ்சாருங்கோ,

நேற்று இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "இவ்வளவு நாளும் இந்தக் கைப்பக்குவத்தை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீ?" என்று கேட்டீர்கள். நான் சட்டி கழுவ எழும்பிப் போனேன். அங்கேயே நின்றிருந்தால் அகப்பையால் அடித்திருப்பேன். இப்போது சொல்கிறேன். அந்தக் கூழ் நான் காய்ச்சியதில்லை. பிரவின் காய்ச்சினவன்.

நீங்கள் சொன்னபடி மாவை ஊறவிட்டதுதான் என் வேலை. விடிய வந்து, கணவாய் வெட்டி, நண்டு உடைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று துழாவியது அவன். அவன் அம்மா பழக்கினவவாம். துஷ்யா அவனைப் பகிடி பண்ணிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம்!

மத்தியானம் கோப்பைகளை எடுத்து வைத்தேன். அவன் தொடவில்லை. "மாமா வரட்டும் மாமி. அவருக்கு முதல் ஊத்தாமல் நான் எப்பிடிக் குடிக்கிறது?" என்றான். "அவர் பிந்துவார், நீர் குடியும் தம்பி" என்றேன். கேட்டால்தானே! கூழ் இறுக இறுகச் சுடுதண்ணி விட்டுத் துழாவிக்கொண்டு நின்றான். இடையில் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான். எனக்குத் தாங்க ஏலவில்லை. "நீங்கள் போன பிறகுதான் தம்பி அவர் வருவார்" என்று சொல்லிவிட்டேன்.

சாதி என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை. நானும் வாயால் சொல்லவில்லை. இங்கே பிறந்த பிள்ளை, பாதி இங்கிலிஷில் கதைக்கிற பிள்ளை, அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அடுப்பைக் குறைத்து, பானையை மூடி, ஜாக்கெட்டை எடுத்தான். "அப்ப நாங்கள் வெளிக்கிடுறம் மாமி. மாமா நேரத்தோடை வந்தால், எங்களைக் கண்டிட்டு வெளியிலை குளிருக்குள்ளை நிப்பார்" என்றான். துஷ்யா என்னைப் பார்த்து, "நீங்களும் இதுக்குச் சம்மதமோ அம்மா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரு மிடறு குடிக்காமல் போனார்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் பெல் அடித்தீர்கள்.

நேற்று உங்களை உங்கள் கதிரையில் காண எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு ஆசை. அந்த ஆசையில்தான் நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். இனி ஆட்ட மாட்டேன். வருகிற ஞாயிறு திரும்பக் காய்ச்சப் போகிறோம். கெஞ்சிக் கூத்தாடியாவது பிள்ளைகளைக் கூப்பிடுவேன். ஒரு பானை, ஒரு நேரம். உங்களுக்கு இடம் பிரவினுக்குப் பக்கத்தில். மனமில்லை என்றால் அங்கேயே இருங்கோ. ராஜியிடம் இனி மல்லித்தண்ணியும் வராது.

வதனா


வெஸ்ட் ஈலிங்
19 டிசம்பர் 2024

வதனாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் கோபம் வந்தது. உன்னோடுதான். கிழித்து எறிய எடுத்து, திரும்ப வாசித்தேன். அவன் ஸ்டேஷன் வரைக்கும் வந்து பார்த்திருக்கிறான். அந்த நேரம் நான் இரண்டு தெரு தள்ளி ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து, நாலு மணி ஆகட்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்ன விசரா பிடித்தது?

ஞாயிறு பிரவினோடு இருந்து கூழ் குடிக்கப் போகிறேன் என்று அண்ணைக்கு நேற்றே போன் எடுத்துச் சொன்னேன். கத்தினார். கத்தட்டும்.

உறைப்பு ஒரு சொட்டுக் கூடிவிட்டது. மற்றும்படி அப்படியொரு கூழ் நான் காய்ச்சினதில்லை. அதைப் பிரவினுக்குச் சொல்லிவிடு.

வேண்டாம், நீ சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை விடிய வருகிறேன். நானே அவனுக்குச் சொல்கிறேன்.

உன்
தில்லை