தோற்றவள்தான் பஸ் ஏற வேண்டும்

மிஷன், டெக்சஸ்
பிப்ரவரி 5, 2023

அன்புள்ள ஹெர்மிலா,

போனைத்தான் எடுக்க மாட்டேங்கிற, கடிதத்தையாவது கிழிக்காம படி. நீயும் உன் வீட்டுக்காரர் எவுசேபியோவும் சுகமா இருக்கணும்னு குவாதலூப்பே மாதாகிட்ட வேண்டிக்கிட்டுதான் எழுத உக்காந்தேன்.

டாக்டர் சொல்லிட்டார், எனக்குச் சர்க்கரை வாசல் வரைக்கும் வந்தாச்சாம். அம்மாவுக்கு முதல்ல விரல் போச்சு, அப்புறம் பாதமே போச்சு. எனக்குப் பயமா இருக்குடி. உனக்கும் அதே நிலைமைன்னு எவுசேபியோ சொன்னார்.

நம்ம மாதா கோயில் ஹால்ல வாரா வாரம் வகுப்பு நடக்குது. மருந்து கிடையாது. சாப்பாட்டைத் திருத்தி, நடந்து, எடையைக் குறைக்கணும், அவ்வளவுதான். எடை பாக்குறதுக்கு முன்னாடி பொம்பளைங்க பண்ற அமர்க்களத்தை நீ பாக்கணுமே! செருப்பு, தோடு, கொண்டை ஊசி, கழுத்து மெடல் எல்லாம் மேசைக்கு வந்துடும். நம்ம பக்கத்து வீட்டு சோகோரோ பல்செட்டையே கழட்டி வெச்சுட்டா.

நீயும் ஒரு வகுப்புல சேரு. பந்தயம் வெச்சுக்கலாம். கிறிஸ்துமஸுக்குள்ள உடம்புல நூத்துக்கு அஞ்சு பங்கு இறக்காதவ தோத்தவ. தோத்தவதான் பஸ் ஏறி மத்தவ வீட்டுக்கு வரணும். சம்மதமா?

உன் அக்கா,
ஒஃபீலியா


நெப்ராஸ்கா
பிப்ரவரி 20

ஒஃபீலியா அக்காவுக்கு,

உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு அம்மாவை அடக்கம் பண்ண அன்னைக்கே சொல்லிட்டேன். "நான் அம்மாவைக் கையால பாத்துக்கிட்டேன், நீ போன்லதான் பாத்துக்கிட்ட"ன்னு ஊரே கேக்கச் சொன்னியே. இன்னும் வலிக்குது.

ஆனா பந்தயத்துக்கு நான் ரெடி. தோக்கப் போறது நீதான், பனியில வழுக்கிக்கிட்டு வரப் போறதும் நீதான்.

இங்க பக்கத்துல எந்த வகுப்பும் இல்ல. இறைச்சி ஆலையில என் ஷிப்ட் வேற வாராவாரம் மாறும். அதனால போன் திரையில நடக்குற வகுப்புல சேந்துட்டேன். டீச்சர் பேரு டெனிஸ். எடை மெஷினை வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. ஏறி நின்னா எடை தானா அவளுக்குப் போயிடும்.

ஹெர்மிலா


மிஷன்
மே 14

அன்புள்ள ஹெர்மிலா,

திரையில தெரியற டீச்சர் உனக்கு என்ன கிழிச்சா? எங்க நெலிடா டீச்சர் மாதிரி வருமா? போன வாரம் வெயிலுக்குப் பயந்து ஏசியைப் போட்டுட்டு, போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். சோகோரோ நேரா வீட்டுக்கே வந்து போர்வையை உருவிட்டா. "எழுந்திருடி சோம்பேறி, கோயிலைச் சுத்தி நடக்கணும்"னு இழுத்துக்கிட்டுப் போனா. திரை போர்வையை உருவுமா?

பீன்ஸுல பன்றிக்கொழுப்பை நிறுத்திட்டேன். முதல் வாரம் மண்ணைத் தின்ன மாதிரி இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. பழைய பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குது. பனிக்குக் கோட்டு எனக்கு வேண்டாம்டி, நீ பஸ்ஸுக்கு மூட்டையைக் கட்டு.

உன் அக்கா,
ஒஃபீலியா


நெப்ராஸ்கா
செப்டம்பர் 10

அக்கா,

முதல்ல ஒரு கூத்தைக் கேளு. போன மாசம் டெனிஸ் பதறிப்போய் போன் பண்ணா. "ஹெர்மிலா, ஒரே ராத்திரியில இவ்வளவு எடை ஏறியிருக்கே, கால் வீங்கியிருக்கா, மூச்சு வாங்குதா?"ன்னு கேட்டா. பாத்தா, நம்ம எவுசேபியோ ஆலை பூட்ஸோட என் மெஷின்ல ஏறி நின்னிருக்கார்! திருட்டுத்தனமா ஏறிப் பாத்தாராம், அவருக்கும் சர்க்கரை பயமாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. இப்ப அவரும் என்கூட நடக்கிறார்.

நான் சாப்பாட்டு இடைவேளையில வண்டி நிறுத்துற இடத்துல உக்காந்து வகுப்பு கேக்குறேன். உன் ஹாலால அங்க வர முடியுமா சொல்லு. ஆனா சோகோரோ போர்வையை உருவினதைப் படிச்சப்ப பொறாமையாத்தான் இருந்துச்சு. எனக்கு அப்படி யாரும் இல்ல.

உன் கணுக்கால் பிசகி ஹாலுக்குப் போறதில்லைன்னு சோகோரோ சொன்னா. இத்தோட விட்டுடாதே அக்கா. டெனிஸ்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். செவ்வாய் சாயங்காலம் எங்க வகுப்புல வந்து உக்காரு. என்னைப் பாக்கன்னு வராதே, வகுப்புக்குன்னு வா.

ஹெர்மிலா


மிஷன்
அக்டோபர் 8

என் கண்ணே ஹெர்மிலா,

நெலிடாவே வீட்டுக்கு வந்து உங்க வகுப்பு என் போன்ல தெரியற மாதிரி சரிபண்ணிக் குடுத்தா. திரையில உன் முகம் வந்ததும் கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன். நீ கவனிச்சியான்னு தெரியல.

உங்க வகுப்புல, எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் தனியா கிடக்குற கிழவருக்கு மூட்டு வலி எப்படி இருக்குன்னு மறக்காம கேட்ட. கொழுப்பில்லாம பீன்ஸ் வேக வைக்கிற பக்குவம் சொன்ன, அத்தனை பேரும் எழுதிக்கிட்டாங்க. மூணு வாரமா உன்னால நானும் விடாம நடக்குறேன், நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளேயே. என் தங்கச்சி எப்பேர்ப்பட்டவன்னு பூரிச்சுப் போயிட்டேன்.

ஒண்ணு சொல்லணும். நான் பக்கத்துல நின்னு கெஞ்சினாலும் அம்மா மாத்திரையைத் துப்பிடுவா. நீ சாயங்காலம் போன்ல "முழுங்கும்மா"ன்னு சொன்னாத்தான் முழுங்குவா. நாள் முழுக்க அந்தப் போனை மடியிலயே வெச்சிருப்பா. நீயும்தான்டி அவளைப் பாத்துக்கிட்ட.

கால் ஆறிடுச்சு, ஹாலுக்கும் போறேன். ஆனா செவ்வாய்க்கிழமை உன் வகுப்பை விட மாட்டேன்.

உன் அக்கா,
ஒஃபீலியா


மிஷன்
டிசம்பர் 6

ஹெர்மிலா,

தோத்துட்டேன். ஹால்ல எல்லாருமா சேந்து தமாலே செஞ்சோம். சோளமாவுல கொழுப்பு சேந்து வெந்த வாசனை என்னைக் கவுத்துடுச்சு. எத்தனை தின்னேன்னு கேக்காதே. எடை பழைய இடத்துக்கே போயிடுச்சு.

பேச்சுன்னா பேச்சு. தோத்தவதான் பஸ் ஏறணும். பத்தொன்பதாம் தேதி கிளம்புறேன்.

ஒஃபீலியா


நெப்ராஸ்கா
டிசம்பர் 12

அடி என் பொய்க்கார அக்கா,

நேத்துதான் உன் கடிதம் வந்துச்சு. இன்னைக்கு வகுப்புல நீ தண்ணி எடுக்க எழுந்தப்ப, தொளதொளன்னு ஆன சட்டையைப் பின்னால துணி க்ளிப் போட்டு இறுக்கியிருந்ததைப் பாத்தேன். இங்கிருந்து பாத்தா தெரியாதுன்னு நினைச்சியா? தோத்தவளுக்கு எதுக்குடி க்ளிப்பு?

நான் என் வீம்பை விட மாட்டேன்னுதானே நீ தோத்ததா எழுதின? கடிதத்தை மறுபடி எடுத்துப் படிச்சிட்டு அழுதேன். எவுசேபியோ பயந்துட்டார்.

நானும் ஜெயிச்சுட்டேன் அக்கா. ரெண்டு பேரும் ஜெயிச்சா யார் பஸ் ஏறணும்னு நாம பேசிக்கவே இல்ல. அதனால நீ வா. உனக்குப் பனிக்கோட்டு வாங்கி வெச்சிருக்கேன், உன் பழைய அளவுல இல்ல, சின்ன அளவுல. காலையில நான் வந்து போர்வையை உருவுவேன், ரெண்டு பேரும் பனியில நடப்போம்.

உன் வீட்டு வாசப்படிக்குத் திரும்பிப் போறதுக்கு ரெண்டு டிக்கெட்டா எடு.

உன் தங்கச்சி,
ஹெர்மிலா