குப்பையிலிருந்து எடுத்த ஸ்ப்ரே பாட்டில்

அத்தை,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

நேற்று நீங்கள் குப்பையில் வீசிய, எனக்குச் சென்ட் செய்து தரும் ஸ்ப்ரே பாட்டிலையும் வாசனை எண்ணெய்களையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். திட்டாதீர்கள். "மருமக கழுத்தப் பொசுக்கிட்டேன், இனி இதத் தொடவே மாட்டேன்" என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு அதிகம் எரிகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கிறது. பாட்டிலின் குழாயோ அடியிலிருந்து உறிஞ்சுகிறது. அதனால்தான் இத்தனை நாளும் வெறும் தண்ணீர் வந்தது. "வாசனையே இல்லியே அத்த" என்று நான் நச்சரிக்க, நீங்களும் மேலும் மேலும் எண்ணெய் ஊற்றினீர்கள். தண்ணீர் தீர்ந்ததும் அத்தனையும் நேராக என் கழுத்துக்கு வந்துவிட்டது!

எண்ணெயைத் தண்ணீரில் கரைக்கும் திரவம் தனியாக விற்கிறார்கள், வாங்கி வருகிறேன். முதலில் அதில் எண்ணெயைக் கலக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். நூறு பங்குக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். மெழுகுவர்த்தியில் கலக்கும் வாசனை எண்ணெய் வேண்டாம். தோலுக்கு ஆகும் என்று புட்டியில் போட்டிருப்பதை மட்டும் எடுத்து வையுங்கள். கொஞ்சமாகச் செய்து, முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்ப்போம். என் கைதான், பயப்படாதீர்கள்.

கழுத்துச் சிவப்பு பாதி அடங்கிவிட்டது.

சொல்ல மறந்தேன்: நேற்று ஆபீசில் நான் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தபோதே பக்கத்து சீட்காரி, "என்ன சென்ட்டுடி இது, எங்க வாங்குன?" என்று கேட்டாள். "எங்க அத்த செஞ்சது" என்றேன். அவளுக்கும் ஒரு பாட்டில் வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.